ஐஸ் தண்ணீர் குடித்தால் தொப்பை கரையுமா?

மே மாத மத்தியானம். தாராவி 90 அடி ரோட்டில் சர்பத் வண்டியைச் சுற்றிக் கூட்டம். "அண்ணாச்சி, சாப்பிட்ட கையோடு ஐஸ் வேண்டாம், வயிற்றில் எண்ணெய் உறைந்துவிடும்" என்று தடுக்கிறார் ஒருவர். இன்னொருவரின் கட்சியே வேறு. "ஐஸ் தண்ணீர் குடித்தால்தான் தொப்பை கரையும்" என்கிறார் அவர்.

எண்ணெய் உறையாது. உடம்பின் சூடு 37 டிகிரி; உள்ளே போன தண்ணீர் சற்று நேரத்தில் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும்.

தொப்பைக் கட்சிக்காரர் சொல்வதில் மட்டும் துளி உண்மை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, உணவுக் கணக்கில் ஒரு கலோரி செலவாகும். 7 டிகிரியில் உள்ள அரை லிட்டரை 37 டிகிரிக்கு ஏற்ற 15 கலோரி. ஓர் இட்லியிலேயே சுமார் 40 கலோரி இருக்கிறதே! 2003-ல் பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் 14 பேருக்கு அரை லிட்டர் தண்ணீர் கொடுத்து, உடம்பின் சக்திச் செலவு 30 சதவீதம் கூடியதாக அறிவித்தார்கள். 2006-ல் சுவிட்சர்லாந்தில் சோதித்தபோது சாதாரணத் தண்ணீருக்கு ஒன்றும் கூடவில்லை. 3 டிகிரிக்குக் குளிரவைத்த தண்ணீருக்கு, ஒரு மணி நேரத்தில் 4.5 சதவீதம் கூடியது. அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது குளிர்ச்சிக்கு அல்ல, ஐஸ் வந்த இடத்துக்குத்தான். மீனுக்காகச் செய்யும் ஐஸ் குடிதண்ணீரில் உறைந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது சர்பத் கிளாஸுக்கும் வந்துவிடுகிறது என்பதால், அதற்கு நீல நிறம் சேர்க்கும்படி 2018-ல் மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. நீல ஐஸைக் கண்டால் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வெள்ளையாக இருப்பதாலேயே நல்ல ஐஸ் என்றும் சொல்லிவிட முடியாது. குளிரில் கிருமி சாவதில்லை. மஞ்சள் காமாலையோ டைபாய்டோ வந்து படுத்தால், தினக்கூலிக்காரருக்கு வாரக்கணக்கில் சம்பளம் போயிற்று.

மண்பானை வாங்க வெகுதூரம் போக வேண்டாம். சவுராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா தாராவிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பானையின் மேல் கசியும் ஈரம் உலர்ந்தால்தான் உள்ளே தண்ணீர் குளிரும். மும்பைக் காற்றிலோ கடலின் ஈரம். திருநெல்வேலி வெயிலில் சில்லென்று இருக்கும் பானை இங்கே அந்த அளவு குளிராது. ஜன்னலோரம், காற்று படும்படி வைத்தால் தேவலை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்ற வேண்டும். பானைக்குள் டம்ளரை விட்டு முகப்பதைவிட, சாய்த்து ஊற்றிக்கொள்வது நல்லது.