‘வேண்டாம்’ என்று அழுத்தும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்

விமான டிக்கெட் எடுக்கும்போது காப்பீடும் சேர்க்கவா என்று செயலி கேட்கிறது. ‘வேண்டாம்’ என்ற பொத்தானைக் காணோம். ‘பாதுகாப்பில்லாமலே போகிறேன்’ என்றுதான் ஒன்று இருக்கிறது. கைக்குழந்தையோடு போகிறவருக்கு அதை அழுத்த மனம் வருமா? பயந்துபோய்ப் பணத்தைக் கட்டுகிறார். பிறகு வீட்டில் புலம்பிவிட்டு, செயலியை நீக்கிவிட்டு, அத்தோடு மறந்துவிடுகிறார். இப்படி விட்டுவிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வெட்கப்படுத்தியோ பயமுறுத்தியோ சம்மதம் வாங்கக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 தேதியிட்ட வழிகாட்டுதல்களில் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. மேலே சொன்ன காப்பீட்டு வாசகம் அதிலேயே உதாரணமாக வருகிறது. ‘இன்னும் 2 அறைகள்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், சந்தாவை ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பதும் அதே பட்டியலில் உண்டு.

எதையும் அழுத்தும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கே அந்த வாசகத்தை மாற்றிவிடுவார்கள். உங்களிடம் ஆதாரம் இருக்காது.

அடுத்து, செயலியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் பெயரும் தொடர்பு விவரமும் செயலியில் இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் மட்டும் சண்டை போட்டுவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் நிறுவனத்திடம் பேசிப் பார்ப்பார்கள். உத்தரவு போட முடியாது. இது தெரியாமல் பலர் அங்கேயே மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்துமூலம் புகார் தரலாம். ‘ஆன்லைன் விவகாரமெல்லாம் இங்கே வராது’ என்று யாராவது திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவைக் காட்டி, மனுவுக்கு ரசீது கேளுங்கள்.

பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாக வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, மின்னஞ்சல் நகல் மூன்றையும் இணையுங்கள்.

சந்தாவில் சிக்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். முதலில் செயலிக்குள் ரத்து செய்யுங்கள். பிறகு உங்கள் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலும் ரத்து செய்யுங்கள். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் சொல்லுங்கள். அந்த ரத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.