ஆட்டமும் பாட்டும்

சில தினங்களுக்கு முன் நாம் ஆரணிக்குச் சென்றிருந்தோம். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள அந்நகரம் பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றதென்பதை நமது நேயர்களுக்கு நாம் எடுத்துக் கூறவேண்டியதில்லை. நண்பரொருவர் நம்மை ஒரு நெசவாளர் வீட்டுக்கு அழைத்துப் போனார். கூடத்தின் பெரும்பகுதியைத் தறியே அடைத்துக்கொண்டிருந்தது. குழியில் கால்களை இறக்கி அமர்ந்து, மிதியை மிதித்துப் பெரியவர் நெய்துகொண்டிருந்தார். தறிமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த செல்போனிலிருந்து பழைய பாட்டொன்று ஒலித்துக்கொண்டிருந்தது. சுவரோரத்தில் அவருடைய புதல்வன், பதினேழு வயதிருக்கும், மற்றொரு செல்போனில் வீடியோ விளையாட்டில் ஆழ்ந்திருந்தான்.

பெரியவர் நெசவை நிறுத்திவிட்டு நம்மிடம், "ஐயா, தாங்கள் சட்டம் படித்தவர். பரீட்சையில் தவறியது முதல் இவன் ஒருவரோடும் பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதுமில்லை. எந்நேரமும் இந்த ஆட்டந்தான். போனைப் பிடுங்கி உடைத்துவிடலாமென்று இருக்கிறேன். தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார்.

அச்சமயம் நாம் சொன்ன விடை நமக்கே திருப்தியளிக்கவில்லை. ஊர் திரும்பியபின் இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்ந்தோம். இதே கேள்வியைத் தம் மனத்துள் கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பன்மார் நாடெங்கும் இருக்கிறார்களாதலால், நமது அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகவே கூறிவிடுகிறோம்.

முதலாவதாக ஒன்று. மகனுடைய ஆட்டத்தைக் குற்றமாகக் கண்ட பெரியவர், தமது தறியில் ஒலித்த பாட்டைக் குற்றமாகக் கருதவில்லை. அதற்கு நியாயமும் உண்டு. காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் அமர்ந்து, இழைமேல் இழையாக ஊடையை அடித்துச் சேர்ப்பவனுக்கு, கைக்குத்தான் வேலையே தவிர மனத்துக்குத் துணை இல்லை. பட்டு நூலின் விலையையும், ஜரிகையின் விலையையும், விசைத்தறியின் போட்டியையும், கொடுக்கவேண்டிய கடனையும் அது ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். பாட்டு அந்தச் சஞ்சலத்தை அழிக்காவிட்டாலும் சற்று ஒதுங்கி நிற்கச் செய்கிறது. இதைப் பெரியவருக்கு ஒரு வைத்தியரும் கற்பிக்கவில்லை, அனுபவமே கற்பித்தது.

அனுபவம் கற்பித்ததைப் பிற்காலத்தில் வைத்திய சாஸ்திரமும் ஒப்புக்கொண்டது. இரண்டாவது உலக மகா யுத்தத்தில் உடலும் உள்ளமும் புண்பட்ட சிப்பாய்களுக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சங்கீதம் ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கு மிச்சிகன் ராஜ்யத்துக் கல்லூரியொன்றில் 1944-ஆம் வருஷத்திலேயே சங்கீத சிகிச்சை ஒரு பாடமாக வகுக்கப்பட்டது. மனச்சோர்வு நோயைப் பற்றிய பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், வழக்கமான சிகிச்சையோடு சங்கீத சிகிச்சையும் சேரும்பொழுது, குறைந்த காலத்துக்கேனும், குணம் அதிகமாகத் தெரிகிறதென்று 2017-இல் முடிவு கூறினர். சிகிச்சைக்குப் பதிலாக அன்று, சிகிச்சையோடு சேர்ந்து என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க. தகப்பனாருக்குப் பாட்டு எதுவோ, மகனுக்கு ஆட்டம் அதுவாக இருக்கக்கூடாதா? பரீட்சையில் தவறினவன் வீட்டில் தலைநிமிர வழியில்லை. தெருவில் இறங்கினால் கேள்விகள். அந்தச் சிறு திரையிலோ தோற்றவன் அடுத்த க்ஷணமே மறுபடியும் முயலலாம். ஏன் தோற்றாய் என்று கேட்பாரில்லை. ஆகவே பையனுக்கு வந்த வியாதி ஆட்டந்தானென்று நாம் துணிந்து கூறமாட்டோம். விழுந்தவன் பற்றிக்கொண்ட கொம்பாகவும் அது இருக்கலாம். கொம்பை ஒடித்துவிட்டால் விழுந்தவன் எழுந்துவிட மாட்டான்.

இது வெறும் அனுமானமென்று நினைக்க வேண்டாம். நியூஸிலாந்தில், மனச்சோர்வுக்கு உதவி நாடிய 187 வாலிப வயதினரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. அவர்களிற் பாதிப் பேருக்கு, மனச்சோர்வை எதிர்க்கும் முறைகளைக் கதைபோல் கற்பிக்கும் 'ஸ்பார்க்ஸ்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொடுத்தனர். மற்றவர்களுக்கு வழக்கமான ஆலோசனை சிகிச்சை அளித்தனர். விளையாட்டு அச்சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று 2012-இல் முடிவு வெளியாயிற்று. ஆக்ஸ்போர்டில், மோட்டார் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைச் சில மணி நேரத்துக்குள், ரஷ்யாவில் 1984-இல் பிறந்த 'டெட்ரிஸ்' என்னும் கட்டை அடுக்கும் ஆட்டத்தை ஆடச் செய்தனர். விபத்தின் கோரக் காட்சிகள் அடுத்த ஒரு வாரத்தில் அவர்கள் மனத்தில் திரும்பத் திரும்ப எழுவது குறைந்தது.

ஜப்பானில் நடந்ததோ இன்னும் விசேஷமானது. கொரோனா காலத்தில் விளையாட்டுக் கருவிகளுக்குப் பஞ்சம் ஏற்படவே, கடைக்காரர்கள் சீட்டுக் குலுக்கி விற்றனர். குலுக்கலில் கருவி கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். கிடைத்தவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. ஆனால் தினந்தோறும் மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட ஆட்டத்தில் அந்த நன்மை தேய்ந்தது. 2024-இல் வெளியான இம்முடிவில், ஆட்டத்தால் நன்மையுண்டு என்ற பாதியைப் பையன்களும், அளவு வேண்டும் என்ற பாதியைத் தகப்பன்மாரும் எடுத்துக்கொண்டு சண்டையிடாமல், இருவரும் முழுவதையும் ஏற்க வேண்டும்.

கம்ப்யூட்டர் நமக்கு அந்நியமான வஸ்து என்று சிலர் கூறுவர். ஆரணி நெசவாளர் அப்படிச் சொல்ல நியாயமில்லை. அவர்கள் தறியின்மேல் இருக்கும் ஜக்கார்டுப் பெட்டியையும் துளையிட்ட அட்டைகளையும் எண்ணிப்பார்க்கட்டும். எந்த இழை எழவேண்டும், எந்த இழை தாழவேண்டும் என்று கட்டளையிடும் அவ்வட்டைமுறை, பிரான்ஸ் தேசத்துப் பட்டுநெசவு நகரமான லியோனில் 1804-ஆம் வருஷத்தையொட்டி உருவாயிற்று. அதைக் கண்டே இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தமது கணித யந்திரத்துக்கும் அட்டைகளைத் திட்டமிட்டார். இன்றைய கம்ப்யூட்டரின் பரம்பரையில் தறியும் ஒரு முன்னோர். பையன் கையிலிருக்கும் கருவி அவ்வீட்டுக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் கூறாவிடில் நாம் கடமையில் தவறியவர்களாவோம். விளையாட்டு வேறு, சூது வேறு. இதை அந்த ஜில்லாவின் மக்களுக்கு ஒருவர் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் பூமி அது. செய்யாற்றை அடுத்த புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் போன்ற கலைஞர்கள் பிறந்து அக்கலையை வளர்த்தனர். தருமர் பகடை உருட்டித் தேசத்தையும், தம்பியரையும், மனைவியையும் தோற்பதை, ஹார்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் முழங்க இரவெல்லாம் விழித்திருந்து கண்ட ஜனங்கள் அவர்கள். அன்று பகடை, இன்று செல்போனில் ரம்மி. பணத்தைப் பந்தயம் வைக்கும் அவ்வாட்டத்தில் கடன்பட்டுக் குடும்பங்கள் நாசமானதையும், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டதையும் தமிழ்நாடு கண்டது.

நமது சட்டசபை 2022-இல் இதற்கெதிராகச் சட்டம் செய்தது. அது 2023-இல் அமலுக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்களாகையால் அவற்றை அதிருஷ்ட ஆட்டங்களோடு சேர்த்துத் தடுக்க முடியாதென்று அவ்வருஷமே சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. பணம் வைத்தாடுவோர் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆடலாகாதென்று பின்னர் செய்யப்பட்ட விதியை அதே ஹைகோர்ட் 2025-இல் ஏற்றது. அவ்வருஷம் ஆகஸ்டில் பார்லிமெண்ட் இயற்றிய சட்டமோ, இணையத்தில் பணம் வைத்தாடும் ஆட்டங்களைத் தடை செய்து, பணமில்லாத விளையாட்டுகளை ஊக்குவிக்கவேண்டுமென்று கூறுகிறது. இந்தப் பாகுபாட்டை நாம் வரவேற்கிறோம். ஒவ்வொரு தகப்பனும் தன் வீட்டில் முதலாவதாகச் செய்யவேண்டிய விசாரணையும் இதுவே. பையன் விளையாடுகிறானா, சூதாடுகிறானா?

இரண்டாவது விசாரணை அளவைப் பற்றியது. பணமில்லா ஆட்டமும் எல்லை மீறினால் வியாதியாகலாம். ஆட்டத்தைத் தன்னால் நிறுத்த முடியாமை, வாழ்க்கையின் மற்றெல்லாவற்றுக்கும் மேலாக அதை வைத்தல், கேடு விளைவது தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும், சாதாரணமாக ஒரு வருஷ காலம், காணப்பட்டால் அதை நோயாகக் கொள்ளவேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கிறது. இது 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. ஆடுகிற பையன்கள் எல்லாரும் நோயாளிகள் என்பது அதற்குப் பொருளன்று.

மூன்றாவது விசாரணையே முக்கியமானது. ஆட்டத்துக்குப் பின்னால் என்ன துயரம் இருக்கிறது? பேச்சுக் குறைந்து, உணவு குறைந்து, தூக்கம் கெட்டு, முன்பு விரும்பியவற்றில் விருப்பமற்று ஒருவன் வாரக்கணக்கில் இருந்தால், அவனுக்கு வேண்டியது வைத்தியர். பாட்டும் ஆட்டமும் துணை நிற்குமே தவிர, வைத்தியரின் ஸ்தானத்தை வகிக்கமாட்டா. 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 ராஜ்யங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வில், பெரும்பாலான மனோவியாதிகளில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் சிகிச்சையே பெறவில்லையென்று தெரியவந்தது. வெட்கமே இதற்கு ஒரு பெருங்காரணம். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்ல வெட்கப்படாத நாம், மனக்காய்ச்சலுக்கு மட்டும் ஏன் வெட்கப்படவேண்டும்? ஜில்லாவின் தலைநகரான திருவண்ணாமலையில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் சேவையை, 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஆரணிப் பெரியவருக்கு நமது விடை இதுவே. ஐயா, போனை உடைக்க வேண்டாம். இன்று மாலை தறியை விட்டெழுந்து மகனருகில் உட்காருங்கள். அந்த ஆட்டம் என்னவென்று கேளுங்கள். அவன் கற்றுக்கொடுத்தால் ஒரு முறை ஆடித் தோற்றும் பாருங்கள். பிறகு பரீட்சையைப் பற்றி அவனே பேசுவான், பேசாவிட்டாலும் பாதகமில்லை. ஆட்டத்துக்கு ஒரு நேரமும் தூக்கத்துக்கு ஒரு நேரமும் இருவருமாகச் சேர்ந்து வகுத்துக்கொள்ளுங்கள். அவன் முகம் தெளியாவிட்டால் தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒரு பரீட்சை இன்னொரு முறை வரும், மகன் அப்படியன்று.

நமது தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி உயர்வுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் நாம் பாடுபடுவது அவசியமே. வயிறு காயும் வீட்டில் பாட்டு மட்டும் மனத்தை ஆற்றிவிடாது. ஆனால் நெசவாளர் தெருக்களில் மாலை வேளையில் இளைஞர் கூடிப் பாடவும் ஆடவும் ஓரிடம் இல்லையென்றால், அவர்கள் தனித்தனியே திரைகளுக்குள் ஒடுங்குவதைப் பற்றிக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஊருக்கொரு மைதானமும், பஜனைக்கும் கூத்துக்கும் ஒரு கொட்டகையும் ஏற்படுத்த நமது வாலிப சங்கங்கள் முன்வருமென்று நம்புகிறோம்.