ஒரு கையில் நாவல், ஒரு கையில் ஊசி!

"நாவல் படிக்கிறதே பொழுது போகாதவங்க வேலை. இதுல துணி வேற தைக்கணுமா?" என்று கேட்கிறீர்களா, நண்பர்களே? போன செமஸ்டர் லீவு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பழைய புத்தகக் கடையில் 'அலையஸ் கிரேஸ்' என்ற ஆங்கில நாவல் கையில் சிக்கியதும் அந்த நினைப்பு மாறிவிட்டது.

கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1996-ல் வெளியிட்ட நாவல் அது. 1843-ல் கனடாவில் உண்மையாக நடந்த இரட்டைக் கொலைதான் கதைக்கு அடிப்படை. பதினாறு வயது வேலைக்காரப் பெண் கிரேஸ் மார்க்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1872-ல்தான் அவள் விடுதலையானாள். அவள் நிஜமாகவே கொலை செய்தாளா? நாவல் கடைசி வரை அதைச் சொல்வதில்லை!

நாவலில் 15 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குவில்ட் டிசைனின் பெயர். அதென்ன குவில்ட்? மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குவில்ட் போர்வை. மேல் விரிப்பைச் சதுரம் சதுரமாகத் தைத்து இணைப்பார்கள். அந்த ஒரு சதுரத்துக்குப் பெயர் பிளாக்.

கிரேஸ் தைத்துக்கொண்டேதான் டாக்டரிடம் தன் கதையைச் சொல்கிறாள். ஐந்தாவது பகுதிக்குப் பெயர் 'உடைந்த பாத்திரங்கள்'. அதில்தான் அயர்லாந்திலிருந்து கப்பலில் வரும்போது அவளுடைய அம்மா இறந்துபோகிறாள். அந்த டிசைன் முழுவதும் முக்கோணத் துண்டுகள். 'சரி, நாமும் ஒன்று தைத்துப் பார்ப்போமே' என்று தெருமுனை டெய்லரிடம் வெட்டுத்துணி ஒரு பை நிறைய வாங்கி வந்தேன்.

முதலில் எளிதான 'ஒன்பது கட்டம்'. தைத்து முடித்தால் ஒவ்வொரு கட்டமும் 3 அங்குலம் வர வேண்டும். தையலுக்காக நான்கு பக்கமும் 2 நூல் (கால் அங்குலம்) விட வேண்டும். ஆகவே 3½ அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். ஒன்பதையும் இணைத்தால் பிளாக் 9½ அங்குலம். எனக்கு வந்ததோ 9¼! எங்கே போனது கால் அங்குலம்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 நூல் விட வேண்டிய இடத்தில் நான் இரண்டரை நூல் பிடித்திருந்தேன். ஒரு தையலில் இரண்டு துண்டுகள் சேர்வதால் 1 நூல் நஷ்டம். குறுக்கே இரண்டு தையல், ஆக 2 நூல். இதே போல எட்டு பிளாக்கை வரிசையாக வைத்தால் 2 அங்குலம் காணாமல் போகும்! ஒர்க்ஷாப்பில் டாலரன்ஸ் என்று சொல்லிக் கொடுத்தது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

முக்கோணத்துக்கு வேறு கணக்கு. 3 அங்குலச் சதுரத்தைக் குறுக்கே வெட்டித் தைத்தால் பிளாக் சிறுத்துவிடும். கூர் முனையில் சாய்வுத் தையலுக்குத் துணி அதிகம் வேண்டும். கணக்குப்படி கூடுதலாகத் தேவைப்படுவது 0.854 அங்குலம். அதனால் சதுரத்தை 3 அங்குலம் 7 நூலாக வெட்டுகிறார்கள். √2 எங்கெல்லாம் வருகிறது பாருங்கள்!

இரண்டு முக்கோணத்தை நானே பாழாக்கிய பிறகுதான் கிரேஸின் பொறுமை புரிந்தது. கடைசிப் பகுதியில் அவள் தனக்கென்று ஒரு குவில்ட் தைக்கிறாள். இறந்துபோன தோழியின் பாவாடை, தன் சிறை உடை, கொலையுண்ட பெண்ணின் உடை மூன்றிலிருந்தும் ஆளுக்கொரு துண்டு எடுத்துச் சேர்க்கிறாள். படிக்க மட்டும் செய்திருந்தால் அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போயிருப்பேன்.

அடுத்து, அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் 1917-ல் வெளியிட்ட ஒரு சிறுகதை படித்தேன். பெயர் 'எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்'. கழுத்தில் கயிறு இறுகி ஒரு விவசாயி இறந்து கிடக்கிறான். ஆண்கள் வீடு முழுக்கத் தடயம் தேடுகிறார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அடுப்படியில் இருந்த இரண்டு பெண்கள், அவன் மனைவி தைத்துக்கொண்டிருந்த பிளாக்குகளைப் பார்க்கிறார்கள். எல்லாம் நேர்த்தியான தையல், கடைசியாகத் தைத்தது மட்டும் கோணல்மாணல். தைத்தவளின் மனம் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருத்தி சத்தமில்லாமல் அந்தத் தையலைப் பிரித்து நேராகத் தைக்க ஆரம்பிக்கிறாள்!

'தையலைப் பார்த்து மனசைக் கண்டுபிடிக்க முடியுமா? இது கொஞ்சம் ஓவர்' என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்று இரவு நான் தைத்த பிளாக்குகளைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். அம்மா வந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஆறாவதை எடுத்தவர், "இது அப்பாவ ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்குத் தைச்சதா?" என்றார்.

அதேதான்! வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தைத்தது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா அந்தக் கதையைப் படித்ததும் இல்லை. ஆனால் நாற்பது வருஷமாக ஊசி பிடித்த கை அது.

அப்பா இப்போது நலம். அந்தப் பிளாக்கைப் பிரித்துத் தைக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம், இருக்கட்டும்" என்றார் அம்மா.

நண்பர்களே, தியரி படித்தால் போதும், பிராக்டிகல் சும்மா மார்க்குக்குத்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கதையிலே வரும் ஆண்களும் படித்தவர்கள்தான். கண்ணெதிரே இருந்த சாட்சியை அவர்களால் படிக்க முடியவில்லை. ஏனென்றால் அவர்கள் ஊசி பிடித்ததில்லை. கை அறிந்ததைத்தான் கண் முழுதாகப் படிக்கும்!

அடுத்த லீவில் நீங்களும் முயன்று பாருங்கள். ஒரு நாவல், ஒரு ஊசி, ஒரு பை வெட்டுத்துணி போதும். கால் அங்குலம் மட்டும் ஜாக்கிரதை!

– இறுதியாண்டு, கார்மெண்ட் டெக்னாலஜி