கடல்நீரில் மஞ்சட்பொருள்

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமன்று, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதும் அதற்குக் காரணம் என்று 1921-இல் சர் சி. வி. இராமன் விளக்கினார். ஆயின் பால்டிக் கடல் பசுமையும் பழுப்புமாகத் தோன்றுவானேன்? ஜெர்மானிய அறிஞர் கூர்ட் கல்லே, நீரில் கரைந்துள்ள மஞ்சள் நிறப் பொருளைச் சுட்டி, 1938-இல் அதனைக் 'கெல்ப்ஷ்டாஃப்' என்றார்.

'கெல்ப்' மஞ்சள்; 'ஷ்டாஃப்' பொருள். அவ்வளவே. ஆங்கிலேயர் இச்சொல்லை மொழிபெயர்க்காமலே எடுத்துக்கொண்டனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் 'மஞ்சட்பொருள்' என்போம். சமையலறை மஞ்சளை நேயர்கள் நினைக்கமாட்டார்கள் என நம்புகிறோம்.

சருகுகள் ஊறிய தொட்டிநீர் தேயிலைச் சாறுபோல் நிறமேறுவதை நாம் கண்டிருக்கிறோம். காடும் சதுப்பும் கடந்துவரும் ஆறுகள் அத்தகைய சாற்றையே கடலிற் சேர்க்கின்றன. கடற்பாசி மட்கும்போதும் ஓரளவு உண்டாகும். நுண்ணிய வடிகட்டியிலும் அது தங்குவதில்லை.

இப்பொருள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, கீழுள்ள உயிர்களுக்குக் குடையாகிறது. நீல ஒளியையும் உறிஞ்சுவதால் பாசியின் உணவைப் பறிக்கவும் செய்கிறது. தொல்லை வேறிடத்தில் உள்ளது. பாசியின் பச்சையமும் நீலத்தையே உறிஞ்சும். எனவே விண்ணிலிருந்து கடல்நிறத்தை அளக்கும் கருவி, மஞ்சட்பொருளைப் பாசியென்று கணக்கிட்டுவிடக்கூடும். பாசி மிகுந்த நீரில் மீனைத் தேடிப் படகு செலுத்துவோருக்கு இது வீண் செலவு. பச்சையத்தின் உறிஞ்சல் 443 நானோமீட்டர் அளவில் உச்சமடையும். மஞ்சட்பொருளோ அலைநீளம் குறையக் குறைய மேன்மேலும் உறிஞ்சும். இரண்டையும் பிரித்தறியவே, 1999-இல் இந்தியா ஏவிய ஓஷன்சாட் துணைக்கோளின் கருவியில் 412 நானோமீட்டருக்கென்று தனி அலைவரிசை அமைக்கப்பட்டது.