கன்றின் பங்கு

கோலார் தங்கவயல் என்றதும் நம் நினைவில் எழுவது பொன்னே. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் அங்குச் சென்று ஆழ்சுரங்கங்களில் உழைத்தனர். 2001ஆம் ஆண்டில் அச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் கோலார்ச் சீமைக்குப் பொன்னோடு பெயர் வாங்கித் தந்த மற்றொரு செல்வம் இன்றும் உண்டு, அது பால். அங்கும், பிற மாநிலங்களிலும், ஒன்றிரண்டு பசுக்களை வைத்துப் பிழைக்கும் நம்மவர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றை இங்கே கூறுவோம்.

சங்கத்தில் ஊற்றும் பாலுக்குக் காசு உண்டு. கன்று குடிக்கும் பாலுக்கு இல்லை. ஆகவே கன்றின் பங்கையே நாம் முதலில் குறைக்கிறோம். ஆனால் வயிறு காய்ந்த கிடேரி மடிந்தால், சில ஆண்டுகளில் கறக்க வேண்டிய பசுவை அன்றே இழந்தவராகிறோம். இவ் இக்கட்டுக்கு ஒரு வழி மாற்றுப்பால். கொழுப்பு நீக்கிய பால்தூள், கொழுப்பு, உயிர்ச்சத்துக்கள், தாது உப்புக்கள் முதலியன சேர்ந்த தூள் இது.

ஆயினும் சீம்பாலுக்கு மாற்று இதுவன்று. கன்று கருவில் இருக்கையில் நோயெதிர்ப்புப் பொருள்கள் தாயின் இரத்தத்திலிருந்து அதற்குச் செல்வதில்லை. சீம்பால் வழியாகவே கிடைக்கின்றன. அவற்றை ஏற்கும் ஆற்றல் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆதலின் பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுதல் அவசியம். ஐந்தாம் நாளளவில் மாற்றுப்பாலைச் சிறிது சிறிதாகத் தாய்ப்பாலுடன் கூட்டி வருதல் வேண்டும்.

அரிசிக் கஞ்சியும் சர்க்கரையும் போதாவோ எனில், போதா. இளங்கன்றின் வயிற்றுப் பெரிய அறை இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. மாவையும் சர்க்கரையையும் செரிக்கும் திறன் அதற்குக் குறைவு. விளைவு கழிச்சல், கழிச்சலால் நீர் வற்றிக் கன்று சாகும்.

ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 125 கிராம் தூள் போதும்; எனினும் உறையில் அச்சிட்ட அளவே முடிவானது. காய்ச்சி ஆற்றிய வெந்நீரில் கட்டியின்றிக் கலக்கி, கன்றின் உடற்சூடாகிய 39 பாகைச் சூட்டில் ஊட்டுக. எடையில் பத்தில் ஒரு பங்கு ஒரு நாளைக்குரிய அளவு: 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், காலையும் மாலையும் பகிர்ந்து. நேரம் தவறலாகாது, ஏனத்தை ஒவ்வொரு வேளையும் கழுவி வெயிலில் காய வைத்தல் வேண்டும். மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைத்தலாகாது.

இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனமும் தூய நீரும் அருகில் இருக்கட்டும். தீவனம் தின்னத் தின்னவே வயிற்றின் பெரிய அறை வளரும். பாலும் மெல்லக் குறையலாம். கழிச்சல் கண்டால் காலம் தாழ்த்தாது கால்நடை மருத்துவரை நாடுக.

தூள் வாங்கும் செலவு கண்ணுக்குத் தெரியும். கன்று இறந்தால் வரும் இழப்போ சில ஆண்டுகள் கழித்தே தெரியும். இரண்டையும் எடை போட்டுப் பார்த்தே கன்றின் பங்கை நாம் அளத்தல் வேண்டும்.