ஆத்திரத்துக்கு ஒரு கவர்னர்



"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பது நம் பெரியவர்கள் வாக்கு. எங்கள் தெருவில் யாராவது கை நீட்டிவிட்டால் "அவனுக்குக் கொழுப்பு" என்பார்கள். யாராவது தன் உயிரை மாய்த்துக்கொண்டால் "கோழை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். படிக்க வந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா? பிறரை அடிக்க ஓங்கும் கைக்கும், தன்னையே அழித்துக்கொள்ள நினைக்கும் மனதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? உண்டு என்கிறது விஞ்ஞானம். அதில் ஒரு முக்கியமான கண்ணிதான் செரட்டோனின்.

செரட்டோனின் என்றால் என்ன?

1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் ரேப்போர்ட், கிரீன், பேஜ் என்ற மூவர் இரத்தத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1953-ல் பெட்டி ட்வாரோக் என்ற பெண் விஞ்ஞானி இது மூளையிலும் இருப்பதைக் காட்டினார். நம் உடம்பில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது! மூளையில் இருப்பது கொஞ்சம்தான். ஆனாலும் மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது. பருப்பு, பால், முட்டை இவற்றில் உள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து மூளை இதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் சேதி கொண்டு போவதே இதன் வேலை.

நம் மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். டீசல் இன்ஜினில் லோடு திடீரெனக் குறைந்தால் வேகம் தறிகெட்டு ஏறும். அப்போது டீசலைக் குறைத்து வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது கவர்னர். மூளையிலும் அப்படித்தான். கோபத்தையும் பயத்தையும் கிளப்புகிற அமிக்டலா என்ற பகுதிக்கு, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை "கொஞ்சம் பொறுப்பா" என்று சொல்கிறது. அந்தச் சொல் எடுபட உதவுபவற்றில் செரட்டோனினும் ஒன்று.

ஆராய்ச்சிகள் சொல்வது

செரட்டோனின் சிதைந்த பிறகு மிஞ்சும் கழிவுப்பொருளை முதுகுத்தண்டு நீரில் அளக்கலாம். 1976-ல் சுவீடனில் மேரி ஆஸ்பெர்க் குழுவினர் மனச்சோர்வு நோயாளிகளிடம் இதை அளந்தார்கள். அளவு குறைவாக இருந்தவர்களில்தான் தற்கொலைக்கு முயன்றவர்கள் அதிகம் இருந்தார்கள். 1979-ல் அமெரிக்காவில் பிரவுன், குட்வின் குழுவினர் இராணுவ வீரர்களிடம் அளந்தபோது, சண்டை சச்சரவு அதிகம் உள்ளவர்களுக்கு அதே பொருள் குறைவாக இருந்தது. 1983-ல் பின்லாந்தில் கொலைக் குற்றவாளிகளிடம் அளந்தார்கள். திட்டமிட்டுச் செய்தவர்களைவிட, அந்த நேரத்து வேகத்தில் செய்தவர்களுக்குத்தான் குறைவு! ஆக, குறைவது நல்ல குணம் அல்ல, தைரியமும் அல்ல. நினைப்புக்கும் செயலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பிரேக்.

அப்படியானால் எல்லாம் தலையெழுத்தா?

இல்லவே இல்லை. 1993-ல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்து ஆண்களுக்குச் செரட்டோனினைச் சிதைக்கும் என்சைமே வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். அவர்களும் முரட்டுத்தனமாகவே இருந்தார்கள். எனவே "குறைந்தால் கோபம், கூடினால் சாந்தம்" என்ற கணக்கு சரிவராது. நியூசிலாந்தில் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான ஆய்வு இன்னும் முக்கியமானது. அதே என்சைம் குறைவாக உற்பத்தியாகும் பிள்ளைகளில், சிறு வயதில் கொடுமைப்பட்டவர்களிடமே வன்முறை அதிகம் தெரிந்தது. அன்பாக வளர்க்கப்பட்டவர்களிடம் அது தெரியவில்லை. மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. இன்ஜின் ஓடாததற்கு ஒரே ஒரு நட்டைக் காரணம் காட்ட முடியுமா? வளர்ப்பு, வறுமை, குடி, அவமானம் எல்லாம் சேர்ந்ததுதான் மனம்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வேகம் ஏறும், அதேபோல் இறங்கவும் இறங்கும். தற்கொலை எண்ணத்தின் உச்சம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் ஓர் உயிர் மிச்சம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு ரிசல்ட் நாள் தனி பாரம். வீட்டில் ஆட்டை விற்று ஃபீஸ் கட்டியிருப்பாங்க. மூணு அரியர் விழுந்ததை எந்த வாயால் சொல்வது? அன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார வேண்டியது நாம்தான். "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவனைத் தனியே விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

செரட்டோனின் மீது வேலை செய்யும் மாத்திரைகள் உண்டு. ஆனால் 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் கூடுதல் கவனிப்பு வேண்டும். நாமாக வாங்கிச் சாப்பிடுவதும், நாமாக நிறுத்துவதும் கூடாது. 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம்.

மூளைக்குள் இருக்கும் கவர்னர் ஒரு நாள் தளர்ந்தால், பக்கத்து பெஞ்சு நண்பன் அன்றைக்குக் கவர்னராக இருக்கட்டும் என்று கூறி முடிக்கிறேன்.

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு