கொல்லைப்புறத்தில் மரவள்ளி

தென் அமெரிக்காவில் தோன்றி, போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டை அடைந்த மரவள்ளியைச் சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பர். குமரி மாவட்டத்தார் மரச்சீனி என்பர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, அந்நாட்டு ஏழை இல்லங்களின் பசியைத் தணித்தது இக்கிழங்கே. ஆதலின் இதனை ஏழை உணவென இகழ்வது நமக்கு உடன்பாடன்று.

மரவள்ளி பல்லாண்டு வாழும் செடியே. கிழங்கின்பொருட்டு நாம்தாம் ஆண்டுதோறும் பிடுங்கிவிடுகிறோம். உறைபனியை அது தாங்காது. உதகையில் வாழ்வோர் நட்டு ஏமாற வேண்டா.

நடுவதற்கு விதை தேவையில்லை. முற்றிய தண்டின் நுனியையும் அடிக்கட்டையையும் நீக்கி, நடுப்பகுதியைச் சாண் நீளத் துண்டுகளாக நறுக்குக. மண்ணைக் கொத்தி மேடாக்கி, 90 செ.மீ. இடைவெளியில், மொட்டுகள் மேல்நோக்கி இருக்குமாறு நேராக ஊன்றுக. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். முளைத்தபின் எதிரெதிரான இரு தளிர்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுக. இலைகள் மஞ்சள் திட்டுகளுடன் சுருங்கினால் அது தேமல் நோய். அதனை வெள்ளை ஈ பரப்புகிறது. நோயுற்ற குச்சியை அண்டை வீட்டாருக்கு அன்பளிப்பாகக் கொடுப்போரும் பரப்புகின்றனர்!

தாய்மார்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இச்செடியின் இலையிலும் தோலிலும் கிழங்கிலும், நசுங்கும்போது சயனைடு நஞ்சை வெளியிடும் பொருள் உள்ளது. கசப்பு வகைகளில் அது மிகுதி. எனவே சிறுவர் பச்சைக் கிழங்கைக் கடிக்க விடலாகாது. வெளித்தோலுடன் தடித்த உள்தோலையும் உரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணாமல் எறிந்துவிடுவதே நன்று. பசுந்தழையை மேய்ந்த ஆடுகள் மாண்டுபோவதுமுண்டு. ஆகவே ஆடு வளர்ப்போர் வேலியடைத்தே நடுக.

ஒன்பது, பத்து மாதங்களில் கிழங்கு முற்றும். பிடுங்கிய இரண்டு மூன்று நாள்களிலேயே கருநிறக் கோடுகள் தோன்றிக் கெடத் தொடங்குமாதலின், அன்றாடத் தேவைக்கு மட்டும் பிடுங்குவது சிக்கனம். நெடுநாள் மண்ணிலேயே விட்டாலோ நார் மிகும். இதில் மாவுச்சத்தே நிறைந்துள்ளது. புரதம் மிகக் குறைவு. குமரிக் கரையோர மக்கள் இதனுடன் மீன்குழம்பு சேர்த்துண்கின்றனர். மீன் கிடைக்காத ஊர்களில் பருப்போ பயறோ சேர்த்துக்கொள்ளலாம்.